பெரியவர் எழுந்திருக்கும் வரை

கணினி உலகின் நலன் கருதி இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நான் தேநீரை ஆறவிட்டுத்தான் குடிப்பேன். குறித்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. பிறகு தேவைப்படும்.

எங்கள் மருத்துவமனையின் மென்பொருள்களையெல்லாம் ஒன்றாக ஏற்றி இயக்கும் ஜாவா கன்டெய்னர் ஒரு கூட்டுக்குடும்பம். பில் திரை, மருந்துக் கிடங்கு, நோயாளியின் நாடி தடுமாறினால் நர்ஸைக் கூப்பிடும் வார்டு அலாரம் என்று பல காம்பொனென்ட்கள், அதாவது சிறு நிரல்கள். ஒன்று எதை நம்பியிருக்கிறதோ, அது எழுந்த பிறகுதான் இது எழும். அது நின்றால் இதுவும் நிற்கும். எல்லாவற்றுக்கும் அடியில் நான் எழுதிய ஒன்றை வைத்தேன். பெயர் 'பெரியவர்'. அத்தனையும் அவரை நம்பியிருக்கும்படி முடிச்சுப் போட்டேன். குடும்பம் என்றால் ஒரு தலை வேண்டாமா?

புதிதாகச் சேர்ந்த பெண் பொறியாளர் அதைத் திறந்து பார்த்துவிட்டாள்.

"அண்ணே, இவரு எந்திரிக்கலன்னா வீட்ல யாரும் பல்லுகூட வெளக்க மாட்டாங்களா?"

"கை வெச்சா கூரையே எறங்கிடும்மா."

"இந்தத் தூணு எதையும் தாங்கலயேண்ணே. நாளைக்குத் தூக்கிடறேன். டைரக்டர் சரின்னுட்டாரு."

சிரித்துக்கொண்டேன். மரியாதை கேட்டு வாங்குவதல்ல. மறுநாள் காலை அவள் தொடங்குமுன் பெரியவரை நிறுத்தினேன். எழுப்பும் அனுமதி என்னிடம் மட்டும்தான். பில் கவுன்டரில் கூச்சல். என் மேசையைச் சுற்றிக் கூட்டம். என்னை 'ஏம்ப்பா' என்றே கூப்பிட்டுவந்த டைரக்டர் 'சார்' என்றார். தேநீர் வந்தது.

அவள் மூச்சிரைக்க வந்தாள். "அண்ணே, எதிர் பில்டிங்ல வார்டு அலாரமும் நின்னுருச்சு. ஆபரேஷன் முடிஞ்ச பஸ் டிரைவர் படுத்திருக்காரு. அலாரத்த நம்பி நர்ஸம்மா பக்கத்து ரூமுக்குப் போயிட்டாங்க, போன் எடுக்கல. எழுப்புங்கண்ணே, கால்ல வேணா விழறேன்."

"பெரியவர் எதுக்குன்னு இப்பப் புரியுதா?"

"புரியுதுண்ணே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.

அலாரம் நிற்கும் என்று எனக்கு முன்பே தெரியும். பில் திரை மட்டும் நின்றால் யாரும் பயப்பட மாட்டார்கள். தேநீர் இன்னும் சூடாக இருந்தது. ஆறவிட்டேன். குடித்தேன். எழுப்பினேன்.

எல்லாம் வரிசையாக, அடக்கமாக எழுந்தன. கடைசியாக எழுந்த அலாரம் எழுந்த கணமே அலறியது. டிரைவர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். அலாரம் ஒழுங்காக வேலை செய்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெரியவருக்குள் அப்படி என்னதான் இருந்தது என்கிறீர்கள். 'நான் தயார்' என்று சொல்லும் ஒரு வரி இருந்தது. வேறொன்றும் இல்லை.