வரத்தான் ஆசை

அவைக்குத் தலைமை ஏற்று, கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் பதிப்பாசிரியர் அவர்களே! சொல்லுக்குச் சொல் சோதித்து, எழுத்துக்கு எழுத்து இழைத்து, இந்த ஆங்கில–தமிழ் அகராதியை ஈன்றெடுத்த என் உடன்பணியாளர்களே! மையில் குளித்த அச்சக நண்பர்களே! அறிவிலும் அகவையிலும் மூத்த ஆன்றோர்களே! பிள்ளைகளுக்குப் பேச்சைக் கொடுத்துவிட்டு, அந்தப் பிள்ளைகளின் ஒரு பேச்சுக்காகக் காத்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் கை குவிகிறது, நெஞ்சம் குழைகிறது.

நாற்பதாயிரம் சொற்கள் உறங்கும் நூல் இது. நான் பேச வந்தது ஒரே ஒரு சொல்லைப் பற்றி. அதற்குள் கைதட்டிவிடாதீர்கள் ஐயா, ஒரு சொல்லை வைத்து ஒரு மணி நேரம் ஓட்டக்கூடியவன் நான்!

ஆங்கிலத்தில் 'ஃபெயின்' என்றொரு வினையடை. மகிழ்வோடு, மனமுவந்து என்பது பொருள். இன்று தெருவில் அதை எவரும் பேசுவதில்லை. பழைய ஏடுகளில் பதுங்கிக் கிடக்கிறது. அது பெரும்பாலும் தனியே நடக்காது. 'உட்' என்ற துணைவினையின் தோளைப் பற்றிக்கொண்டு வரும். 'உட் ஃபெயின்' என்று வந்துவிட்டால், செய்ய மனம் துடிக்கிறது, செய்ய வழிதான் இல்லை என்று பொருள்படும். இதே ஒலியில் இன்னொரு சொல்லும் உண்டு. எழுத்து வேறு, பொருள் வேறு. அது பாசாங்கு செய்வதைக் குறிப்பது.

ஒலி ஒன்றாகலாம், ஆசையும் பாசாங்கும் ஒன்றாகுமா? "ஆகாது" என்கிறார் இடப்பக்கத்தில் ஓர் அம்மா. ஆம் தாயே, ஆகாது. அதை அறிந்துகொள்ள எனக்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

எனக்கு ஓர் அண்ணன். கடல் கடந்த துறைமுகம் ஒன்றில், கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வெல்டர். அங்கே நூலகத்தில் பணியாற்றிய பெண்ணை மணந்துகொண்டார். அண்ணிக்குத் தமிழ் தெரியாது. எங்களுக்கு அண்ணியையே தெரியாது. ஒரு புகைப்படம் மட்டும் தெரியும்.

என் அக்காவுக்குத் திருமணம் முடிவானது. "அவசியம் வந்துவிடு" என்று அண்ணனுக்கு எழுதினோம். பதில் வந்தது. கையெழுத்து அண்ணியுடையது, மொழி ஆங்கிலம். வீட்டில் ஆங்கிலம் படித்தவன் நான் ஒருவன். கல்லூரியில் இறுதியாண்டு. எனக்குத் தெரியாத சொல்லே ஆங்கிலத்தில் இல்லை என்று நம்பிய வயது!

"சத்தமாப் படி" என்றார் அப்பா. பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளர் அவர். எதையும் சத்தமாகத்தான் கேட்பார்.

"உட் ஃபெயின் கம்" என்றிருந்தது. "இந்த ஆண்டு இயலாது" என்று முடிந்திருந்தது. என் சட்டைப்பை அகராதியில் அந்தச் சொல் இல்லை. ஒலியால் ஒத்த மற்றது இருந்தது. அண்ணி எழுத்துப் பிழை செய்துவிட்டார் என்று நானே தீர்மானித்தேன். சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டுத் திருத்தவும் செய்தேன்.

"வர்ற மாதிரி நடிப்பாராம்ப்பா. ஆனா இந்த வருஷம் முடியாதாம்."

அப்பாவின் முகம் இறுகியது. "நடிப்பானாமா? அதையும் பொண்டாட்டிய விட்டு எழுதச் சொன்னானா?"

அம்மா மட்டும் விடவில்லை. "சரியாப் பாருடா. அவன் அப்படிச் சொல்ற புள்ள இல்ல."

"அம்மா, இங்கிலீஷ் எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா?"

அம்மா வாயை மூடிக்கொண்டார். அந்த வாயை அடைத்தது என் அறியாமை அன்று, அவையோரே, என் ஆணவம்!

அதன்பின் அண்ணனிடமிருந்து வந்த மூன்று கடிதங்களை அப்பா பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். நான்காவது வரவில்லை. ஒன்பதாம் ஆண்டில் அப்பா மறைந்தார். அண்ணனுக்குச் சொல்லி அனுப்ப எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை. தபால்காரரின் மிதிவண்டி மணி கேட்கும்போதெல்லாம் அம்மா செய்த வேலையை நிறுத்துவார். மணி கடந்து போனதும் தொடர்வார். எதற்காக நிறுத்தினாய் என்று நாங்கள் கேட்டதில்லை.

பிறகு இந்த அகராதிப் பணியில் சேர்ந்தேன். ஒரு நாள் 'எஃப்' எழுத்துச் சொற்களைக் குறித்துவைத்த அட்டைக்கட்டு என் மேசைக்கு வந்தது. அதில் அந்தச் சொல் இருந்தது. 'மனமுவந்து, இயலாத விருப்பம்.' மேலே, "வழக்கொழிந்தது, நீக்குக" என்று நம் தலைவரின் குறிப்பு. அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

கடிதம் அம்மாவின் புடவைப் பெட்டியில் இருந்தது. பிழையில்லாத சொல், அதைச் சுற்றி என் சிவப்பு வட்டம்.

"அம்மா, நான் தப்பாப் படிச்சிட்டேன்."

துணி மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "என்னன்னு படிச்சிருக்கணும்?"

"வரணும்னு மனசு நிறைய ஆசை, ஆனா வரமுடியாத நிலை... அதுக்குத் தமிழ்ல சரியான சொல் கிடைக்கலம்மா."

"'வரத்தான் ஆசை'ன்னு எழுதியிருக்கா. இதுக்காடா பதினாலு வருஷம்?"

அவையோரே! ஒரு 'தான்'! 'வர ஆசை' என்றால் கதவு திறந்திருக்கிறது. 'வரத்தான் ஆசை' என்றால் கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். பட்டம் பெற்ற எனக்குக் கிட்டாததைப் பெட்டி பூட்டிக் காத்தவர் கொடுத்தார்.

பழைய முகவரிக்கே மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அப்பா மறைந்ததை மட்டும் எழுதத் துணியவில்லை. நாற்பது நாளில் பதில், தொலைபேசி எண்ணோடு. அழைத்தேன். அண்ணன்தான் எடுத்தார். அக்கா திருமணத்தின்போது இரும்புத் தகடு விழுந்து அவர் வலக்கை நசுங்கியிருந்ததாம். அம்மா பயப்படுவார் என்று, அதை எழுதவேண்டாமென அண்ணியிடம் சொன்னாராம்.

"சரி, போனது போகட்டும். அப்பாகிட்ட குடுடா."

அம்மா தொலைபேசியை என் கையிலிருந்து எடுத்தார். "அப்பா இல்லப்பா. அஞ்சு வருஷமாச்சு." பிறகு நெடுநேரம் இருவரும் தொலைபேசியை வைக்கவே இல்லை.

இன்று அண்ணனுக்குச் சிறுநீரகச் சிகிச்சை, வாரம் மூன்று நாள். பயணம் கூடாது. அம்மாவுக்கு இதயம் இடம் தரவில்லை. ஞாயிறுதோறும் பேச்சு மட்டும்.

தலைவரிடம் எல்லாம் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். தன் குறிப்பைத் தானே அடித்தார். "அருகிய வழக்குன்னு போடுங்க. ஆனா போடுங்க" என்றார்.

அகராதி செய்வோரே! அரிதான சொல்லென்று அடித்துவிடாதீர்கள்! எவரும் சொல்லாத சொல்லா? எங்கோ ஒருத்தி எழுதுவாள். எவருக்கும் வேண்டாத சொல்லா? எங்கோ ஒரு தாய்க்கு வேண்டும். அந்தச் சொல் இல்லாத இடத்தில் அவளுடைய பிள்ளை இல்லாமல் போவான்!

சென்ற ஞாயிறு, அச்சான பக்கத்தை அண்ணனுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். "ஒரு தடவை வந்துட்டுப் போயேம்மா" என்றார் அவர், முடியாதென்று தெரிந்தே. அம்மா அண்ணியைக் கூப்பிடச் சொன்னார். வாழ்நாளில் ஆங்கிலம் பேசாதவர், எழுத்துக் கூட்டுவதுபோல் சொன்னார்: "ஐ... உட்... ஃபெயின்... கம், மா."

அந்தப் பக்கமிருந்து, அண்ணன் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், இடறி இடறி அண்ணியின் குரல் வந்தது:

"வரத்தான் ஆசை, அத்தை."

செவி தந்த சான்றோருக்கும், மணியடிக்காமல் பொறுத்த தலைவருக்கும் நன்றி. வணக்கம்.