உப்பில் வைத்த பேட்டரி

— இந்தக் காலத்துல ஆம்பூர்ல எவன் ஒழுங்கா வேலை செய்றான், ஆபித் பாய்? ரெண்டு வாட்டி இந்தப் போனை உன் மொபைல் கடையில குடுத்தாச்சி. ரெண்டு வாட்டியும் “உயிர் வந்துடுச்சி மோசஸ் அண்ணே”ன்னு பல்லைக் காட்டின. போன ஞாயித்துக்கெழமையும் பேச்சு பாதியில பூடுச்சி.

— அரே, கோவப்படாதீங்கண்ணே. திரும்ப பேட்டரிய உப்புல வெச்சீங்களா?

— வெச்சேன், இன்னா இப்போ? முப்பத்தஞ்சு வருசம் தோல் மண்டியில உப்பு போட்டவன் நான். செத்த மாட்டுத் தோலே மாசக்கணக்கா கெடாது. இத்துனூண்டு பேட்டரி கெட்டுடுமா?

— நல்லவேளை, அடுத்ததா தோலுக்கு முடி உதுக்கற மாதிரி சுண்ணாம்புத் தொட்டியில போடல.

— கிண்டலா?

— பின்ன? முனையெல்லாம் பச்சை பூத்துக் கெடந்துச்சி. சுரண்டித் தொடச்சி, மெஷின்ல வெச்சி மெல்ல ஏத்தினேன். லித்தியம் பேட்டரி வயசானா கம்மியாத்தான் நிக்கும்ணே, அதை எவனாலயும் புதுசாக்க முடியாது. ஆனா உங்களுது இன்னும் முக்காவாசி தாங்குது.

— தாங்குறது அஞ்சு நிமிசத்துல ஏன் பூடுது? ரியாத்லேர்ந்து எம் பொண்ணு ரெனிட்டா வாரத்துல ஒரு நாள்தான் கூப்புடுது. அது நர்ஸ் வேலைக்குப் போறப்போ வாங்கிக் குடுத்த போன் இது. மூணு வருசமா மூஞ்சியப் பாக்கல, பாய். கொரல் ஒண்ணுதான்.

— அதான் சோதிச்சிட்டேன். நீங்க டீ குடிக்கப் போனப்பவே என் போன்லேர்ந்து உங்களுதுக்குப் போட்டேன். இன்னும் ஓடுது, காதுல வெச்சிப் பாருங்க. நாப்பது நிமிசம்!

— உன் கொரல் இதுலயும் கேக்குது. ஒண்ணையே தாங்க முடியல.

— சிரிக்க வெக்காதீங்க. பொண்ணு பேசி கட் ஆனதும், போன் அணைஞ்சிடுமா, லைட்டு எரியுமா?

— எரியும். டைம்கூடக் காட்டும்.

— அதுக்கு முன்னாடி இன்னா பேசுவீங்க?

— சாப்டியாம்மா, டூட்டி ஜாஸ்தியான்னு கேப்பேன். இந்தக் கிறிஸ்மஸுக்காவது வர்றியான்னு கேப்பேன். அதோட பூடும்.

— எல்லா வாரமும் அங்கயேவா?

— எல்லா வாரமும்.

— அண்ணே... இந்தப் பக்கம் எதுவும் கட் ஆவல.

— குடு இங்க. உனக்கு வேலையே தெரியல பாய். வாணியம்பாடியில காட்டிக்கிறேன். இது பேட்டரிதான்.