பாதிக் கட்டில் வாடகை

— அப்புறம் தூங்கலாம்டி, முதல்ல என் பணத்தை அனுப்பிட்டுப் படு.

— கை கால் கழுவிட்டு வரேன்க்கா. நைட்டு முழுக்க ஆஸ்பத்திரி பெட்ஷீட்டா மடிச்சு மடிச்சு தோள்பட்டையே கழண்டு போச்சு.

— கழுவு, யாரு வேணான்னா? போனை இங்க குடுத்துட்டுப் போ. உன் பேங்க் கணக்குலேர்ந்து என் காலேஜுக்கு நேரா அனுப்பிடலாம். பகல் பன்னெண்டு மணியோட ஃபீஸ் கட்ற நேரம் முடியுது.

— போன்ல சார்ஜ் இல்லக்கா.

— சார்ஜர் உன் மூக்குக்கு நேரா தொங்குது. பாரு, என் விரிப்பை எடுத்துட்டு உன் விரிப்பைப் போட்டாச்சு, தலகாணி உறையும் மாத்தியாச்சு. எந்த மகராசி உனக்கு இதெல்லாம் செய்வா?

— நீங்க எதுக்குக்கா என் விரிப்பை எல்லாம்...

— ராத்திரி எனக்கு, பகல்ல உனக்கு. பதினாலு மாசமா ஒரே கட்டில்ல மாத்தி மாத்திப் படுக்கறோம். கட்டினவர்கூடவே நான் இவ்ளோ ஒழுங்கா கட்டிலைப் பங்கு போட்டதில்ல. சிரியேன்டி!

— சிரிச்சுட்டுதானே இருக்கேன்.

— எங்க? மூஞ்சி சுருட்டி வெச்ச பாய் மாதிரி இருக்கு. வாயாடின்னு உனக்குப் பேர் வெச்சவ நான். நீ வாயை மூடிட்டு நிக்கறேன்னா ஏதோ இருக்கு. சூப்பர்வைசர் திட்டினானா?

— இல்ல. நெட் வரலக்கா. சாயங்காலம் அனுப்பட்டுமா?

— இப்பதான் சார்ஜ் இல்லன்ன, இப்ப நெட் இல்லையா? சாயங்காலம் வரைக்கும் காலேஜ்காரன் எனக்காக விரல் சூப்பிட்டு உக்காந்திருப்பானா? இங்க பாரு. என் மூஞ்சியப் பாரு. பணம் இருக்கா இல்லையா?

— அக்கா...

— அய்யோ. உங்க அண்ணன் கடை வைக்கணும்னு அழுதானே, அவனுக்கு அனுப்பிட்டியா?

— சத்தியமா இல்லக்கா! உங்க பணத்துல ஒரு பைசா எங்க வீட்டுக்குப் போகல. எங்கம்மா மேல சத்தியம்.

— பின்ன ஏன் மென்னு முழுங்கற? நாலாயிரத்து இருநூறு டாலர்டி. வயித்தைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்தது.

— நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. ஃபீஸை அண்ணன் கட்ட மாட்டாரா? அவர்கிட்ட கேட்டா ஆகாதா?

— எந்த அண்ணன்?

— உங்க வீட்டுக்காரர்தான். நீங்கதானேக்கா சொல்வீங்க, அவர் தங்கம்னு. நீங்க இந்த நாட்டுக்குக் கிளம்பறப்போ மூணு நாள் கண்ணு முழிச்சு, இங்க அரிசி என்ன விலை, பஸ் பாஸ் என்ன விலைன்னு தேடித் தேடி உங்களுக்காகப் பட்ஜெட் போட்டுக் குடுத்தாருன்னு. நாற்பத்திரெண்டு வரின்னு சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவீங்களே. எனக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வர ஆள் இல்ல. அவ்ளோ பொறாமையா இருக்கும்.

— அது சரி. எல்லாம் என் வாயாலதானே கெட்டது. உக்காரு.

— நின்னுக்கறேன்.

— உக்காருடி. அந்த நாற்பத்திரெண்டு வரில குப்பைப் பை இல்ல. இங்க குப்பை கொட்டறதுக்கே பை காசு குடுத்து வாங்கணும்னு அவருக்குத் தெரியாது. முதல் மாசம் கணக்குல எழுதினேன். அரை மணி நேரம் போன்ல விசாரணை. குப்பைக்கு எவனாவது காசு குடுப்பானான்னு. பையைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அப்புறம் என் மாசாந்திர நாப்கின். அது எதுக்கு எல்லா மாசமும்னு கேட்டாரு.

— சும்மா சொல்றீங்க.

— சிரிக்கலாம் போ. நானும் அன்னைக்குச் சிரிச்சேன். அப்புறம் பாத்ரூம்ல போய் அழுதேன். குளிருக்குக் கோட்டு வாங்கினதுக்கு, அடுத்த மூணு மாசம் காய்கறி வரில கழிச்சாரு. என் பேங்க் பாஸ்வேர்டு அவர்கிட்ட. ஒரு காபி குடிச்சா அங்க போன் டிங்குனு அடிக்கும். அவர் அனுப்பறதும் அவர் காசு இல்ல, எங்கப்பா எனக்குப் போட்ட நகையை வித்த காசு.

— அக்கா, போதும்.

— இவ்ளோ நாள் சொல்லலடி, இப்பவாவது சொல்ல விடு. வெளில சொல்ல எனக்கு வெக்கம். புருஷன் தங்கம்னு சொன்னா யாரும் ஒண்ணும் நோண்டிக் கேக்க மாட்டாங்க, அதான் சொன்னேன். முழு ரூம் வாடகைன்னு அவருக்கு எழுதினேன். குடுத்தது பாதிக் கட்டில் வாடகை. மிச்சத்தை உன் கணக்குல போட்டேன். ஏன்க்கா என் கணக்குல போடறீங்கன்னு நீ கேட்டே, நான் சிரிச்சே மழுப்பினேன். இதான் காரணம்.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! ஒரே ஒரு வார்த்தை!

— நீ ஏன்டி அழற? கேளு. போன மாசம் பட்ஜெட் முடிஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டாரு. கடைசித் தவணை கட்ட முடியாது, படிச்ச வரைக்கும் போதும், கிளம்பி வான்னு. இன்னும் நாலே மாசம். முடிச்சா இங்கயே ஆஸ்பத்திரி லேப்ல வேலை. என் கையில என் சம்பளம். அதுதான் அவருக்கு ஆகல. இன்னைக்குக் கட்டலேன்னா காலேஜ்லேர்ந்து என் பேரை எடுத்துடுவாங்க, விசா போயிடும். எனக்குப் பயமா இருக்குடி. அந்த வீட்டுக்குள்ள இனி போனா நான் வெளிய வரவே மாட்டேன்.

— அவர் என்கிட்ட அப்படிச் சொல்லலியேக்கா...

— எவர்?

— அண்ணன்.

— எப்போ பேசினே அவர்கூட?

— அவசரத்துக்குன்னு என் நம்பரைக் குடுத்திருந்தீங்கல்ல. போன வாரம் பண்ணாரு. குரல் தேனா ஒழுகுது. என் பொண்டாட்டி சரியாச் சாப்பிடறாளாம்மான்னு கேட்டாரு. எனக்கு மனசு குளுந்து போச்சு. நான் உங்களைப் பெருமையாத்தான்க்கா சொன்னேன்! அக்கா மாதிரி சிக்கனம் யாருக்கு வரும் அண்ணே, முழு ரூம் எடுக்காம பாதிக் கட்டில்ல படுத்துக்கறாங்கன்னு.

— அய்யோ பாவி.

— மிச்சம் பண்ண காசு என்கிட்ட பத்திரமா இருக்குன்னும் சொன்னேன். அவருக்குத் தெரியாம இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? எங்க வீட்டுல புருஷன் பொண்டாட்டின்னா ஒரே பர்ஸுதான்.

— முழுசா சொல்லு. இப்ப அந்தப் பணம் எங்க?

— நேத்து மத்தியானம் திரும்பப் பண்ணாரு. நீங்க காலேஜ்ல இருந்தீங்க. அழுதாருக்கா. ஆம்பளை அழறதை நான் போன்ல கேட்டதே இல்ல. என் மேல அவளுக்குக் கோவம்மா, நான் ஃபீஸ் கட்ட மாட்டேன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன், அந்தப் பணத்தை இங்க அனுப்பு, என் கையில இருக்கறதையும் போட்டு நாளைக்குள்ள மொத்தமா கட்டிடறேன், அவளுக்கு இப்போ சொல்லாத, ரசீதைப் பாத்து அவ சந்தோஷப்படட்டும்னாரு.

— அனுப்பிட்டியா? வாயைத் தொறந்து சொல்லுடி!

— அனுப்பிட்டேன்.

— எல்லாமா?

— எல்லாம். என்னை அடிங்க, நாலு அறை அறைங்க, இப்படிப் பாக்காதீங்க.

— இரு. பதறாதே. யோசிப்போம். மணி எட்டுகூட ஆகல. ஒருவேளை... ஒருவேளை நெசமாவே கட்டியிருப்பாரோ? மனுஷன்தானே. அழுதாருன்னு சொல்றியே. ரசீது அனுப்பறேன்னு சொன்னாருல்ல? உனக்கு ஏதாவது வந்துச்சா?

— காலைல டூட்டி முடிச்சு லாக்கரைத் தொறக்கறப்போ மெசேஜ் வந்துச்சுக்கா. ரசீதுன்னு நெனச்சுதான் ஆசையா தொறந்தேன். உங்க பேர்ல விமான டிக்கெட், ஞாயித்துக்கிழமை, ஊருக்குப் போறதுக்கு மட்டும். கீழ அவரே எழுதியிருக்காரு, அவ சேர்த்த காசுலயே போட்டுட்டேன், பட்ஜெட்டுல துண்டு விழலன்னு.