விரிஞ்சிபுரத்தில் நின்ற கார்

"ஹலோ... ஆமா, கிருபானந்தம்தான்... யாரு, அதாவுல்லா பாயா? சொல்லுங்க பாய்... நின்னுடிச்சா? எங்க?... விரிஞ்சிபுரமா?"

ஆம்பூர் தோல் தொழிற்சாலை ஒன்றின் கார் ஷெட்டில் மெக்கானிக்காக இருந்த கிருபானந்தம், மேனேஜர் அறையில் நின்றபடியே பேசினார். சாலைக்கு அந்தப் பக்கம், அவருடைய வீட்டில், மனைவி ஜெபராணி விடியற்காலையில் இறந்துபோயிருந்தாள். அரக்கோணத்தில் நர்ஸாக இருக்கும் மகள் கிரேஸியை அழைத்துவர, கம்பெனியின் பழைய அம்பாசிடரில் டிரைவர் அதாவுல்லா போயிருந்தார். அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் அடக்கம் என்று மைத்துனன் ஐசக் சொன்னபோது கிருபானந்தம் தலையை ஆட்டினார். காலையிலிருந்து யார் எதைக் கேட்டாலும் ஆட்டிக்கொண்டுதான் இருந்தார்.

"ரெட் லைட் எரிஞ்சிதா?... ஆமா, ஆமா... அது புகை இல்ல பாய், ஆவி. பெல்ட் அறுந்துபோச்சி. ஃபேனும் சுத்தாது, டைனமோவும் சுத்தாது... ஐயையோ, ரேடியேட்டர் மூடியத் தொறந்துடாதீங்க! மூஞ்சில அடிக்கும். ஆறட்டும்... டிக்கில ஸ்டெப்னிக்குக் கீழ புது பெல்ட் ஒண்ணு கெடக்குது... நானா? நான் எப்பிடி பாய் வர்றது, இங்க இத விட்டுட்டு... இல்ல, நீங்களே மாட்டிடலாம். வண்டி ரைஸ் மில் வாசல்லதான நிக்குது? கேளுங்க.

"டைனமோவ எஞ்சினோட புடிச்சிருக்கிற போல்ட்டு ரெண்டையும் லூஸ் பண்ணுங்க. கழட்டாதீங்க, லூஸ் மட்டும்... ஆங். கீழ நீளமா ஓட்டை போட்ட பட்டை ஒண்ணு இருக்கும், அதுல இருக்கிற போல்ட்டும்... ஆமா. இப்ப டைனமோவ எஞ்சின் பக்கமா தள்ளுங்க. பெல்ட்ட மொதல்ல அடில இருக்கிற பெரிய புல்லிச் சக்கரத்துல போடணும். அப்புறம் ஃபேன் றெக்கைங்கள ஒண்ணொண்ணா தாண்டி ஃபேன் புல்லி... கடைசியாதான் டைனமோ. ஸ்க்ரூடிரைவர் வெச்சி நெம்பாதீங்க, கிழிஞ்சிடும். வேற பெல்ட் இல்ல."

தன் குரல் எந்த நாளையும்போலவே இருப்பது அவருக்கே கேட்டது. வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது.

"சரி, போய் மாட்டுங்க. நான் லைன்லயே நிக்கிறேன்... யாரு?... வேணாம் பாய், அவகிட்ட இப்ப... ஹலோ. கிரேஸியா... சாப்டியாம்மா?... ஒரு பன்னாச்சும் வாங்கித் துன்னக் கூடாதா... ம்... வீட்லதான்... இல்லம்மா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவல... பக்கத்து வீட்டு ஆக்னஸ் அக்கா இருக்காங்க கூட... மருந்தா? மருந்து ஒண்ணும் குடுக்கல... நாடி... நாடி எனக்கு இன்னாம்மா தெரியும்..."

ஜன்னலுக்கு வெளியே, அவர் வீட்டு வாசலில் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"கிரேஸி. கேளு... கேளும்மா. விடிகாலையிலயே போய்ட்டா அம்மா... ஆமா... தூக்கத்துலயே. நான் எழுப்பினேன். எழுந்திருக்கல."

மறுமுனையில் மில் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. சொல்லிவிட்டால் அழுகை வரும் என்று நினைத்திருந்தார். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய்போல நெஞ்சு மரத்துக் கிடந்தது.

"பாய்?... ஆமா, சொல்லிட்டேன்... உக்காந்துட்டாளா? அங்க பொம்பளைங்க யாராச்சும் இருந்தா பக்கத்துல இருக்கச் சொல்லுங்க... நல்லது... பெல்ட்டு?... மாட்டிட்டீங்களா. இன்னும் இருக்குது பாய். ஜாக் ராடு வெச்சி டைனமோவ வெளிப்பக்கமா நெம்பிப் புடிச்சிக்கிட்டு, பட்டை போல்ட்ட மொதல்ல டைட் பண்ணுங்க. அப்புறம் நீளமா ஓடுற பக்கம், நடுவுல கட்டவெரலால அழுத்திப் பாருங்க. அரை இஞ்சு அமுங்கணும். அமுங்கவே இல்லன்னா பேரிங் போய்டும். ஜாஸ்தி அமுங்கினா வழுக்கும், கிறீச்சுனு கத்தும்... ம், போய்ப் பாருங்க."

ஐசக் வாசலில் வந்து நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். கிருபானந்தம் திரும்பிக்கொண்டார். வெகுநேரம் மில் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆங் பாய்... ஒரு இஞ்சுக்கு மேல அமுங்குதா? அப்ப இன்னும் இழுங்க... சரியா இருக்குதா? மத்த ரெண்டையும் டைட் பண்ணிட்டு, தண்ணி ஊத்தி ஸ்டார்ட் பண்ணுங்க... ஆமா, ஆமா... எஞ்சின் சத்தம் கேக்குது, கேக்குது. ரெட் லைட் அணைஞ்சிதா?... சரி. மெதுவா ஓட்டுங்க, அவசரமே இல்ல... கேக்குறாளா? குடுங்க.

"சொல்லும்மா... ம்... ம்... எடுக்க மாட்டோம்... யாரு சொன்னாலும் பெட்டிய மூட விடமாட்டேன். நீ வந்து பாக்கணும், அப்புறம்தான்... மொகமா? நல்லாதாம்மா இருக்குது... ஆமா... தல வாரி விடலாம், நீயே வந்து வாரி விடு... ஹலோ?... கிரேஸி?... ஹலோ..."

லைன் அறுந்துவிட்டது. ரிசீவரை வைத்துவிட்டு ஐசக்கிடம் சொன்னார்: "பொண்ணு வந்தப்புறம்தான் எடுக்கிறது. இருட்டிட்டா நாளைக்கி. பாஸ்டர்கிட்ட சொல்லிடு."

ஐசக் பாஸ்டர் வீட்டுக்குக் கிளம்பினான்.

சாலையைத் தாண்டி வீட்டுக்குள் போன கிருபானந்தம், ஒரு நாற்காலியை இழுத்து ஜெபராணியின் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தார்.

"வந்துட்டிருக்கா," என்றார் அவளிடம்.