மாட்டுப் பக்கம் ஒரு வோட்டு

"மாட்டுக்கு வோட்டு இருந்தா எனக்கு இந்த ரோதனையே இல்ல மச்சான்."

பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில், டிராமின் முன்பலகையிலிருந்து இது காதில் விழுந்ததும் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். சொன்னவர் பால்காரர். அவருடைய மச்சான், கான் ஹொய் துறைமுகக் கிட்டங்கியின் காவலாளி. காரைக்காலில் பிறந்த பிரெஞ்சுப் பிரஜைகள் என்பதால் இருவருக்கும் வோட்டு உண்டு. அன்று நகரசபைத் தேர்தல்.

"ஒருத்தர் என் கொட்டாய்க்குப் பின்னால இருக்கிற சேத்துப் பள்ளத்த மண்ணடிச்சு மூடுவேங்கறார். இன்னொருத்தர் மூட மாட்டேங்கறார்."

"கொசு அங்கதானே பொறக்குது? உம்பொண்ணுக்குக் குளிர்காய்ச்சல் விடவே மாட்டேங்குது. மூடுறவருக்குப் போடு."

"மாடு மேயுற புல்லும் அங்கதான் மொளைக்குது."

"அப்ப மூடாதவருக்குப் போடு."

"அவ நடுங்கறத நீ பாத்ததில்ல."

"மாட்ட வித்துடேன்."

"வித்துட்டு? அந்தப் பால் ஒண்ணுதான் அவ வயித்துல தங்குது."

காவலாளி தலைப்பாகையை அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டார். பால்காரர் அவர் பக்கம் சாய்ந்தார்.

"மச்சான், நீ மாட்டுப் பக்கம் போட்டுடு. நான் பொண்ணு பக்கம் போட்டுடறேன்."

"எனக்கு ஏது மாடு? ரெண்டு வோட்டும் ஒண்ண ஒண்ணு அடிச்சிடும். அதுக்கு வீட்லயே படுத்திருக்கலாம்."

"படுத்திருந்தா, அப்பன் அவளுக்குப் போட்டான்னு ஆகுமா?"

டிராம் நின்றது. பால்காரர் முதலில் இறங்கினார்.

"இரு, எனக்கு யாரு? மூடுறவரா, மூடாதவரா?"

"மூடாதவர். மாத்திப் போட்டுடாதே மச்சான், மாடு பட்டினி கெடக்கும்."