வெயிலுக்கு முதுகு காட்டி

முதுகுளத்தூரில் ஏறிய பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு தாயும் மகளும். மகளின் முகமெல்லாம் அம்மைத் தழும்பு. இருப்புக்கொள்ளாமல் நெளிந்துகொண்டே வந்தாள்.

"போட்டோக்காரர் வெயிலுக்கு முதுகு காட்டி நிக்க வச்சாரே, கோயில்ல பொண்ணு பாக்க வர்றப்பவும் அப்படித்தான் நிக்கணுமாத்தா?"

"சும்மா வாடி. படத்துல முடியெல்லாம் மினுங்குதுன்னு மாப்பிள்ளை வீட்ல சொல்லிவிட்டாக."

"முகம் இருட்டா இருந்துச்சே, ஏன்னு கேக்கலையா?"

"கேக்கல."

"இன்னைக்கி நேர்ல பாத்துருவாகளே."

மகள் பையிலிருந்து மாப்பிள்ளையின் படத்தை எடுத்து ஜன்னலோரம் பிடித்து உற்றுப் பார்த்தாள்.

"ஆத்தா, இவுக முகமும் தெரியலையே. இவுகளையும் வெயிலுக்கு முதுகு காட்டித்தான் நிக்க வச்சிருக்காக."

தாய் வெடுக்கென்று படத்தை வாங்கினாள். உத்தரகோசமங்கையில் இறங்கும்வரை அதைக் கீழே வைக்கவில்லை.