சாவு வீட்டுல வெந்த மீனு

கந்தர்வக்கோட்டை பஸ்ஸுல எனக்கு முன் சீட்டுல ரெண்டு பொம்பளைங்க. ஒருத்தங்க மடியில கூடை, கூடைக்குள்ள பூனை. நான் டிக்கெட் எடுத்தது புதுக்கோட்டைக்கு, காதைக் குடுத்தது முன் சீட்டுக்கு.

"ஊரே சிரிக்குது அண்ணி. அன்னைக்கி எங்கண்ணன் பொணத்தைக்கூடத் தூக்கல, அதுக்குள்ள அடுப்பைப் பத்த வச்சு மீனை வேக வச்சிட்டீங்க."

"சிரிக்கட்டும். பச்சை மீனை இது தொடாது."

"ஒரு நேரம் பட்டினி கெடந்தா பூனை செத்தா போயிரும்?"

"செத்துத்தான் போகும். ஒங்கண்ணனுக்கு இருந்த அதே சர்க்கரை வியாதி இதுக்கும். இன்சுலின் ஊசி போட்டா அரை மணிக்குள்ள திங்கணும், இல்லாட்டி மயங்கி விழுந்துரும்னு மாட்டு டாக்டரே சொல்லியிருக்காரு."

"அப்ப ஊசியப் போடாம இருந்திருக்கணும். புருசன் செத்த அன்னைக்கிப் பூனைக்கு ஊசி ஒரு கேடா?"

அந்தம்மா கூடையை இன்னும் கிட்ட இழுத்துக்கிட்டாங்க. பூனை என்னையப் பாத்துச்சு. நான் ஒண்ணுந் தெரியாதவன் மாதிரி கண்டக்டரைப் பாத்தேன்.

"நான் எங்கடி போட்டேன்? ஒங்கண்ணன்தான் போட்டாரு. போட்டுட்டு, ஊசியக் கழுவி வச்சுட்டு, 'மீனை வேக வையி'ன்னு நாக்காலில உக்காந்தவருதான், எந்திரிக்கல. அவரு சொன்ன கடைசிச் சொல்லு அது. ஊருக்குப் பயந்து அதைத் தட்டச் சொல்றியா?"

நாத்தனா கூடைக்குள்ள எட்டிப் பாத்துச்சு. அப்பறம் மெதுவா, "இப்ப யாரு போடுறா?"ன்னுச்சு.

"நான்தான். கை நடுங்குது. நடுங்காமப் போட டாக்டர்ட்ட கத்துக்கத்தான் இதைத் தூக்கிட்டுப் போறேன். இதையும் ஊர்ல போயிச் சொல்லு."